ஊரை விட்டு வந்து காக்ஸ் டவுனில் குடியிருப்போருக்கு 18 குறிப்புகள்

பெங்களூரின் காக்ஸ் டவுனுக்குத் தமிழ் புதிதல்ல. மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவோடும் கன்டோன்மென்ட்டில் கிடைத்த வேலைகளோடும் வந்து, அல்சூர், ஃபிரேசர் டவுன், காக்ஸ் டவுன் என்று தலைமுறைகளாகத் தங்கிவிட்ட குடும்பங்கள் இங்கே நிறைய. இந்தக் குறிப்புகள் அவர்களுக்கு அல்ல. மதுரையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ வேலைக்காக அண்மையில் வந்து, இரண்டு அறை வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு. ஆபீஸ், ஊருக்குப் போக வேண்டிய டிக்கெட், சனிக்கிழமை வந்து நிற்கும் நண்பர்கள் என்ற இழுபறியில் முதலில் கவனிப்பாரற்றுப் போவது வீடு. வெள்ளிக்கிழமை மாலை கவலையில்லாமல் பூட்டிவிட்டுக் கிளம்பக்கூடியதாக, யார் எப்போது வந்தாலும் கதவைத் திறக்கக்கூடியதாக வீட்டை வைத்துக்கொண்டால் வேலை, பயணம், நட்பு மூன்றுக்கும் நேரம் கிடைக்கும். அதற்கான வழிகளையே இங்கே எழுதுகிறேன்.

1. பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பழைய வழக்கம். இப்போது ஐந்து, ஆறு மாதத்துக்கும் வீடு கிடைக்கிறது. தயங்காமல் பேசிப் பாருங்கள். ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்துக்குத்தான் எழுதுவார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் போகும் குத்தகையை 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பதே காரணம். ஒப்பந்தத்தில் இரண்டு வரி இருக்கிறதா என்று பாருங்கள்: காலி செய்யும்போது பெயின்ட் செலவுக்கு எவ்வளவு பிடிப்பார்கள், மீதி அட்வான்ஸை எத்தனை நாளில் தருவார்கள். பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது இங்கே சாதாரணம். சாவி கைக்கு வந்த அன்றே சுவர், குழாய், கதவு, மின் மீட்டர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும் நாளில் வரும் மனக்கசப்பில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

2. கர்நாடகத்தில் 2023 ஆகஸ்ட் முதல் நடக்கும் க்ருஹ ஜோதி திட்டத்தில் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் மின்கட்டணச் சலுகை உண்டு. பலர் ஓனருக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். மாதம் 200 யூனிட்டைத் தாண்டினால் முழு பில் வரும். அதற்குள் இருந்தால், அந்த இணைப்பின் முந்தைய சராசரிக்குச் சற்று மேலான ஓர் அளவு வரை இலவசம். பெஸ்காம் பில்லில் ஆர்.ஆர். நம்பர் இருக்கும். அந்த எண்ணோடு முன்பு குடியிருந்தவரின் ஆதார் இணைக்கப்பட்டிருந்தால் முதலில் அதை நீக்கச் சொல்லி, பிறகு சேவா சிந்து இணையதளத்தில் உங்களுடையதைச் சேருங்கள். வீடு மாறும்போது நீங்களும் மறக்காமல் நீக்கிவிடுங்கள். அடுத்து வருபவர் அலைய வேண்டியிருக்காது.

3. தண்ணீர். வீடு பார்க்கப் போகும்போது பால்கனியைப் பார்ப்பதற்கு முன் சம்ப்பை (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியை) பாருங்கள். பெங்களூருக்குக் காவிரித் தண்ணீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளி, தொரேகாடனஹள்ளியிலிருந்து மேலேற்றப்பட்டு வருகிறது. தினமும் வரும் என்று எண்ண வேண்டாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் தெருக்களே அதிகம். எந்த நாள், எந்த நேரம், ஒரு சம்ப்புக்கு எத்தனை வீடு, காவிரியும் போர்வெல் தண்ணீரும் ஒரே தொட்டியில் கலக்கிறதா, இவற்றை ஓனரிடம் கேளுங்கள். ஏற்கெனவே குடியிருக்கும் ஒருவரிடமும் தனியாகக் கேளுங்கள்: “2024 கோடையில் இந்தக் கட்டடத்தில் தண்ணீர் எப்படி இருந்தது?” நகரம் முழுக்கப் போர்கள் வற்றி, டேங்கருக்காக மக்கள் காத்துக்கிடந்த கோடை அது. காரைக் கழுவவும் செடிக்கு ஊற்றவும் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்ததும் அப்போதுதான். அந்த மூன்று மாதத்தை ஒரு கட்டடம் எப்படிக் கடந்தது என்று தெரிந்தால் போதும், மற்றதை நீங்களே தீர்மானித்துவிடலாம்.

போர் தண்ணீர் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். துவரம்பருப்பு அதில் வேகாது; ஊறவைக்கவும் வேகவைக்கவும் ஃபில்டர் தண்ணீரையே எடுங்கள். ஷவரில் வெள்ளையாகப் படிந்து தண்ணீர் சிதறினால், ஒரு பிளாஸ்டிக் பையில் வினிகர் ஊற்றி ஷவர் தலை முங்கும்படி கட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் வந்துவிடும். கெய்ஸரை வருஷத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். உப்புப் படிந்த கெய்ஸர் கரன்ட்டைக் குடிக்கும்.

4. குப்பையை மூன்றாகப் பிரிப்பது இங்கே விருப்பம் சார்ந்ததல்ல. 2015 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபடி, ஈரக் குப்பைக்குப் பச்சைக் கூடை, நாப்கின், டயப்பர், பேண்டேஜ் போன்றவற்றுக்குச் சிவப்புக் கூடை, உலர் குப்பைக்கு ஒரு பை. ஈரக் குப்பை தினமும் போகும். உலர் குப்பைக்குத் தனி நாட்கள் உண்டு, உங்கள் தெருவுக்கு எது என்று வண்டியில் வருபவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கறி, மீன் கழிவை ஞாயிற்றுக்கிழமை மதியத்திலிருந்து வெளியே வைத்தால் நாய்கள் இழுத்துப்போட்டுவிடும். ஒரு மூடிபோட்ட டப்பாவை இதற்கென்றே ஒதுக்கி, ஃப்ரீஸரில் வைத்து, வண்டி வரும் காலையில் கொடுங்கள். நாப்கினைத் தாளில் சுற்றி மேலே சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போடுவது, அதைக் கையால் எடுக்கும் தூய்மைப் பணியாளருக்கு நாம் செய்யக்கூடிய மிகக் குறைந்த மரியாதை.

5. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அதனால் தண்ணீர் இங்கே சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னையில் வைத்த அதே நேரத்துக்கு வைத்தால் திறந்த பாத்திரத்தில் சுண்டலும் பருப்பும் நறுக்கென்று நிற்கும். இட்லிக்கும் இரண்டு நிமிஷம் கூடுதலாகக் கொடுங்கள். குக்கரில் ஒரு விசில் சேர்த்து வைத்தால் சரியாகிவிடும்.

மாவுதான் உண்மையான சோதனை. டிசம்பர், ஜனவரியில் இரவு வெப்பம் 15, 16 டிகிரிக்கு இறங்கும்போது, சென்னையில் எட்டு மணி நேரத்தில் பொங்கும் மாவு இங்கே பதினான்கு மணி நேரமானாலும் அசையாது. உளுந்தோடு ஒரு ஸ்பூன் வெந்தயம் சேர்த்து அரையுங்கள். உப்புப் போட்டுக் கையாலேயே கரையுங்கள். பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீர் நிரம்பிய பெரிய பாத்திரத்துக்குள் வைத்துக் கம்பளியால் மூடுங்கள். ஓவன் இருந்தால் அதைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்தாலும் போதும். சனிக்கிழமை காலை நண்பர்கள் வருகிறார்கள் என்றால் குளிர்காலத்தில் வியாழன் இரவே அரைத்துவிடுவது நல்லது.

6. புதிதாக வந்தவருக்குப் பெரிய கேஸ் இணைப்பு கிடைக்க நாளாகலாம். 5 கிலோ சிலிண்டருக்கு முகவரிச் சான்று தேவையில்லை. அடையாள அட்டை ஒன்று போதும். இண்டேன் அதை ‘சோட்டு’ என்ற பெயரில் விற்கிறது. ஒருவர் சமைக்க அது தாராளம். பெரிய இணைப்பு வந்த பிறகும் வைத்துக்கொண்டால் அவசரத்துக்கு உதவும்.

7. கிளம்பும் நாளுக்கு ஒரு பட்டியல் எழுதி வாசற்கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். மனப்பாடமாக இருந்தாலும் ஒட்டுங்கள். ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் மனப்பாடம் உதவாது.

கேஸ் ரெகுலேட்டர் மூடியாகிவிட்டதா. கெய்ஸர் சுவிட்ச் அணைந்திருக்கிறதா. எல்லாக் குழாயும் இறுக மூடியிருக்கிறதா. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்: தண்ணீர் வராத நேரத்தில் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே விட்டுக் கிளம்பினால், தண்ணீர் வரும்போது நீங்கள் ஜோலார்பேட்டையில் இருப்பீர்கள், கீழ்வீட்டுக் கூரை நனையும். வீட்டுக்கு ஒரு தனி வால்வு இருந்தால் அதையே மூடிவிடுங்கள்.

பாத்ரூம், சமையலறைத் தரையில் உள்ள வடிகாலில் ஒரு சொம்புத் தண்ணீரும் மேலே ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெயும் ஊற்றுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் வீடு பூட்டியிருந்தால் வடிகால் வளைவில் நிற்கும் தண்ணீர் ஆவியாகி, அந்த வழியாகக் கரப்பானும் நாற்றமும் மேலே வரும். எண்ணெய்ப் படலம் தண்ணீரை ஆவியாகாமல் காக்கும்.

ஃப்ரீஸரில் ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து, அதன் மேல் ஒரு ரூபாய்க் காசை வையுங்கள். திரும்பி வரும்போது காசு மேலேயே இருந்தால் நல்லது. பனிக்கட்டிக்குள் இறங்கியிருந்தால் நீங்கள் இல்லாதபோது கரன்ட் நெடுநேரம் போய் வந்திருக்கிறது. மீன், கறி, மாவு எதையும் யோசிக்காமல் எடுத்துக் கொட்டுங்கள்.

8. ரயிலுக்கு காக்ஸ் டவுன்காரர்கள் மெஜஸ்டிக் வரை போக வேண்டியதில்லை. பிருந்தாவன், லால்பாக், சென்னை மெயில் எல்லாம் கன்டோன்மென்ட்டில் நிற்கும். 2023 டிசம்பர் கடைசியில் தொடங்கிய கோவை வந்தே பாரத்தும், 2024 ஆகஸ்ட் கடைசியில் தொடங்கிய மதுரை வந்தே பாரத்தும் கன்டோன்மென்ட்டையே பெங்களூர் முனையாக வைத்து விடப்பட்டவை. 2022இல் திறந்த விஸ்வேஸ்வரய்யா முனையம், பையப்பனஹள்ளியில், இன்னொரு பக்கம். மூன்றுக்கும் பெயரில் ‘பெங்களூர்’ இருப்பதால் டிக்கெட்டில் எந்த நிலையம் என்று முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள்; உங்களை அழைக்க வரும் நண்பருக்கும் நிலையத்தின் பெயரையே சொல்லுங்கள்.

முன்பதிவு 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. ஜனவரி 13 அன்று பொங்கலுக்குக் கிளம்ப வேண்டுமானால் நவம்பர் 14 காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும். தட்கல் முந்தின நாள்: ஏ.சி. வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. 2025 ஜூலையிலிருந்து ஆதாரோடு சரிபார்த்த கணக்கில் மட்டும்தான் இணையத்தில் தட்கல் எடுக்க முடியும். அந்த வேலையைக் கடைசி நாளுக்கு விடாமல் இப்போதே முடித்துவிடுங்கள். தீபாவளி, பொங்கல், புனித வெள்ளி, ஏப்ரலில் சித்திரை. இந்த நான்குக்கும் உரிய 60ஆவது நாளை வருஷத் தொடக்கத்திலேயே ஆபீஸ் காலண்டரில் குறித்து, அந்தக் காலை நேரத்தில் யாரும் மீட்டிங் போடாதபடி அடைத்துவிடுங்கள். ஊருக்குப் போவது ஆபீஸ் வேலைக்கு இரண்டாம்பட்சம் என்று நாமே ஒத்துக்கொண்டுவிட்டால், மேலாளர் நமக்காக வாதாடப் போவதில்லை.

9. பஸ் என்றால் சாந்திநகர், கலாசிபாளையம், மடிவாளா, சில்க் போர்டு. வெள்ளி மாலை காக்ஸ் டவுனிலிருந்து சில்க் போர்டு வரை போவதே ஒரு பயணம். முடிந்தவரை சாந்திநகரில் ஏறுங்கள்.

10. ஏர்போர்ட்டுக்கு ஹெப்பாள் மேம்பாலம் ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டாம். ஹென்னூர், பாகலூர் பக்கமாகவும் போகலாம். டிரைவரிடம் ஏறும்போதே கேட்டுவிடுங்கள். வெளிநாட்டு விமானங்கள் 2023 செப்டம்பரிலிருந்து இரண்டாம் முனையத்திலிருந்து கிளம்புகின்றன. ரம்ஜான் மாதத்து மாலைகளில் மாஸ்க் ரோடு பக்கமும், ஆகஸ்ட் கடைசியில் கொடியேறி செப்டம்பர் 8 வரை நடக்கும் மாதா திருவிழாவின்போது சிவாஜிநகர் பக்கமும், விநாயகர் சிலைகளைக் கரைக்கும் நாட்களில் அல்சூர் ஏரிப் பக்கமும் வண்டி நகராது. கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குப் போவதானாலும் அன்று அரைமணி முன்னதாகக் கிளம்புங்கள். நண்பர்கள் ஊரில் இருந்தால் அந்த மாலைகளில் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு நடந்தே போய்ப் பார்த்து வாருங்கள். இந்தப் பகுதியின் அழகு அப்போதுதான் முழுதாகத் தெரியும்.

11. ஆட்டோ மீட்டர் கட்டணம் 2025 ஆகஸ்ட் முதல் இரண்டு கிலோமீட்டருக்கு 36 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 18. இரவு 10 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு. ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு இதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

12. அமெரிக்கக் கம்பெனியோடு வேலை செய்பவர்கள் கடிகாரத்தை வருஷத்துக்கு இரண்டு முறை கவனிக்க வேண்டும். நியூயார்க் காலை 9 மணி நமக்குக் கோடையில் மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30. அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாற்றுகிறார்கள். லண்டனில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். இடையில் உள்ள நாட்களில் இரண்டு ஊரும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்கும். நண்பர்களை இரவுச் சாப்பாட்டுக்கு அழைப்பதானால் அந்த வாரங்களைத் தவிருங்கள். சிங்கப்பூர், மலேசியாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. வருஷம் முழுக்க நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால்.

13. நண்பர்களுக்கு வழி சொல்லும்போது வீட்டு எண்ணையும் கிராஸையும் மட்டும் சொன்னால் சுற்றிச் சுற்றி வருவார்கள். வீலர் ரோடு, அசாயே ரோடு, காக்ஸ் டவுன் மார்க்கெட் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை முதலில் சொல்லுங்கள். வீலர் ரோட்டில் தாம்ஸ் பேக்கரியைத் தெரியாத ஆட்டோக்காரர் குறைவு. ஃபிரேசர் டவுனுக்கு அரசுப் பெயர் புலிகேசி நகர். தபாலிலும் வரைபடத்திலும் அப்படி இருந்தால் குழம்ப வேண்டாம்.

14. கொழும்பிலிருந்தோ பினாங்கிலிருந்தோ வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு நண்பர் வந்து தங்கினால், தங்க வைக்கும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தெரிவிக்க வேண்டும். நெடுங்காலமாக ‘படிவம் சி’ என்று அறியப்பட்ட நடைமுறை இது. ஓட்டலில் அவர்களே செய்துவிடுவார்கள். வீட்டில் நாம் செய்ய வேண்டும். பாஸ்போர்ட், விசா இரண்டின் படத்தையும் நண்பர் கிளம்புவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொண்டு, வாடகை வீடானால் ஓனருக்கும் சொல்லிவிடுங்கள். நீங்களே வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரராக இருந்தால், வீடு எடுக்கும் அன்றே ஓனரோடு உட்கார்ந்து இதை முடிப்பது உத்தமம்.

15. திடீர் விருந்தாளிக்கு இரண்டு ஜாடி போதும். ஒன்று புளிக்காய்ச்சல். நல்லெண்ணெயைக் கஞ்சத்தனம் இல்லாமல் ஊற்றி, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை சுண்டக் காய்ச்சி, கண்ணாடி ஜாடியில் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு மாதம் தாங்கும். ஈரக்கரண்டி மட்டும் படக்கூடாது. மற்றொன்று அரிசி உப்புமா ரவை. ஒரு ஆழாக்குப் பச்சரிசிக்கு இரண்டு ஸ்பூன் துவரம்பருப்பு, ஒரு ஸ்பூன் மிளகு, அரை ஸ்பூன் சீரகம் என்ற கணக்கில் கொரகொரப்பாக உடைத்து வைத்துக்கொள்ளுங்கள். தாளித்து, ஒன்றுக்கு இரண்டரை பங்கு தண்ணீர் விட்டுக் குக்கரில் மூன்று விசில். பேச்சு பாதியில் நிற்காமலே சாப்பாடு தயாராகிவிடும். சாதம் வடிப்பதானால் ஆளுக்கு 100 கிராம் அரிசி கணக்கு வையுங்கள். பத்துப் பேருக்கு மேல் என்றால் பிரியாணியை ஃபிரேசர் டவுனிலிருந்து வரவழைத்துவிடுங்கள். அடுப்படியில் நின்றே மாலையைக் கழித்துவிட்டால் நண்பர்களைப் பார்த்ததாகக் கணக்கில்லை.

16. தமிழ்நாட்டுப் பதிவு வண்டியைக் கொண்டுவந்திருந்தால், 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்கும்போது மோட்டார் வாகனச் சட்டப்படி கர்நாடக எண்ணுக்கு மாற்ற வேண்டும். இங்கே சாலை வரியும் கட்ட வேண்டியிருக்கும். புது வண்டி வாங்கும் யோசனை இருந்து, உங்கள் கம்பெனிக்கு நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் இருந்தால், 2021இல் வந்த பி.எச். வரிசை எண்ணைக் கேளுங்கள். அடிக்கடி மாற்றலாகிறவர்களுக்கு அதுதான் நிம்மதி.

17. மாதத்தில் ஒரு வார இறுதியை எங்கும் கிளம்பாமல் இங்கேயே இருப்பதற்கென்று ஒதுக்குங்கள். ஒவ்வொரு வெள்ளியும் ஊருக்கு ஓடுகிறவர்களுக்குப் பல வருஷமானாலும் பெங்களூரில் ஒரு நண்பர் அமைவதில்லை என்பதைப் பார்த்துவருகிறேன். அல்சூர் ஏரிக்கரையோடு காலை நடை, ஏரிக்கு அருகில் 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை, பக்கத்திலேயே பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தின் நூலகம். புதிதாக வந்தவரைக் கூட்டிக்கொண்டு போக இதைவிட நல்ல இடங்கள் எனக்குத் தெரியவில்லை. அந்த வாரத்திலேயே கன்னடம் பேசும் பக்கத்து வீட்டாரோடு ஒரு காபி குடியுங்கள். தமிழில் பேசினாலே இந்தப் பகுதியில் காலம் தள்ளிவிடலாம் என்பது உண்மைதான். அதற்காகவே கன்னடம் கற்காமல் இருப்பது இங்கு நமக்கு இடம் கொடுத்தவர்களுக்குச் செய்யும் நியாயம் அல்ல.

18. மாற்றுச் சாவி ஒன்று இதே கட்டடத்திலோ எதிர்வீட்டிலோ இருக்கட்டும். ஒயிட்ஃபீல்டில் இருக்கும் உயிர் நண்பரிடம் அல்ல. குழாய் உடைந்தால் பத்து நிமிஷத்தில் வரக்கூடியவரே சாவிக்கு உரியவர். செடிகளுக்குப் பழைய பருத்தி வேட்டியைத் திரியாகக் கிழித்து, ஒரு முனையைத் தொட்டி மண்ணிலும் மறு முனையைச் சற்று உயரத்தில் வைத்த வாளித் தண்ணீரிலும் விட்டால் சில நாள் தாங்கும். அதற்காக யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம். வீட்டுவேலைக்கு வரும் அம்மாவுக்கு நீங்கள் ஊரில் இல்லாத நாட்களுக்கும் சேர்த்து முழுச் சம்பளம் கொடுத்துவிடுங்கள். பயணம் நம்முடைய முடிவு, அவருடையதல்ல. அவர் முன்கூட்டியே கேட்கும் லீவையும் அதே மனதோடு கொடுங்கள். திங்கள் காலை ரயிலிலிருந்து இறங்கி நேரே ஆபீஸ் போக வேண்டியிருந்தால், ஒரு பாக்கெட் நந்தினி பாலை வாங்கி வைக்கும்படி சாவி வைத்திருப்பவரிடம் ஞாயிறு இரவே சொல்லுங்கள். இஸ்திரி போட்ட உடையையும், மேலே சொன்ன உப்புமா ரவையையும், காபிப் பொடி நிரப்பிய ஃபில்டரையும் கிளம்பும்போதே எடுத்து வைத்துவிட்டுப் போங்கள்.